ரைட் கார்னர் ஆடிய மீன்கார அக்கா

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டு விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். பத்து நாள் கழித்து, நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் இன்னொரு பொய் சொன்னேன். முதல் பொய்யை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதை நினைத்தால் வெட்கம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

நடந்ததை முறையாகச் சொல்ல வேண்டுமானால் நான் பிறந்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும். பிரசவத்தில் எனக்குத் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். எங்கள் பகுதியில் அப்படிப் பிறந்த பிள்ளைக்கு ஒரு வேலை காத்திருக்கும். யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் அவர் குப்புறப் படுத்துக்கொள்வார். கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளை அவர் முதுகில் ஏறி மூன்று முறை மிதிக்க வேண்டும். பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. ஆறு வயதிலிருந்து நான் மிதித்திருக்கிறேன். கிடங்குகளில் மூட்டை தூக்குபவர்கள், துறைமுகத்தில் லாரிக்குச் சரக்கு ஏற்றுபவர்கள், கூடை சுமக்கும் மீன்காரப் பெண்கள் என்று தெருவே எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. சிலர் எழுந்ததும், "ஷோக்கா பூட்ச்சி கண்ணு" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பெரிய கௌரவம்.

பிறகு அதே கால்கள் கபடி ஆடக் கற்றுக்கொண்டன. பள்ளியில் தொடங்கி, கல்லூரியில் வளர்ந்து, மாநில அணியின் உடையை இரண்டு முறை அணிந்தேன். லெஃப்ட் கார்னர் என் இடம். பாடிவருபவரின் கணுக்காலைக் குனிந்து பாய்ந்து பிடிப்பது என் வேலை. சமூகப்பணியில் முதுகலை முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடவில்லை. தினமும் மாலையில் திருவொற்றியூர் கடற்கரையோரத் திடலில் பயிற்சி நடக்கும். பக்கத்துச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, அந்தத் தூசியைச் சுவாசித்துக்கொண்டேதான் நாங்கள் பாடினோம்.

அந்தத் திடலின் மதில்மேல் தினமும் ஓர் அன்னக்கூடை வந்து உட்காரும். அலுமினியக் கூடை. அதன் சொந்தக்காரிதான் இந்த அனுபவத்தின் நாயகி. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவர். விடியலில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர்த் தெருக்களில் தலையில் சுமந்து விற்பவர். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதுக்கு நான் அவரை அத்தை என்று அழைத்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படி அழைத்ததற்கு, "யாருக்குடி அத்தை? உன் மூஞ்சிக்கு நான் மாப்ள வேற பெத்து வெச்சிகீறனா?" என்று சீறியதால் அக்காவாகவே நிலைத்துவிட்டார். விற்று முடித்துக் காலிக் கூடையோடு திரும்பும்போது அதை மதில்மேல் வைத்துவிட்டு எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார். பார்ப்பது மட்டுமா? "கால வுடாத! கணுக்கால வுட்டா உன்ன வுடமாட்டேன்!" என்று கத்துவார். பாடிவரும் பெண்ணுக்கு எங்களைவிட அந்தக் குரலிடம்தான் பயம்.

அந்த வருடம் பொங்கல் கழிந்த சில நாட்களில் எனக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது. முதலில் இடுப்பில்தான். பிறகு இடது பக்கமாக இறங்கி, தொடைக்குப் பின்னால், கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரை, காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பதுபோல் ஒரு வலி. தும்மினால் கண்ணில் நீர் வந்துவிடும். எங்கள் பயிற்சியாளரிடம் சொன்னேன்.

"இன்னாமே, இடுப்பப் புச்சிகினு நிக்கிற? புள்ளத்தாச்சியா நீ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று வாரம் வலியோடு ஆடினேன். மண்டலப் போட்டியின் அரையிறுதிக்கு முன்னால் வலது காலில் மட்டும்தான் நிற்க முடிந்தது. "பொம்பளைங்களுக்கு இடுப்பு வலி சகஜம். ஒரு ஊசி போட்டுக்க, ஓடிப்பூடும். கார்னர்ல ஆளு இல்ல" என்று பயிற்சியாளர் அழைத்துப் போனார். ஊசி போட்டார்கள். வலி போனது. போனது வலி மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஒரு கணுக்காலைப் பிடிக்கக் குனிந்தேன். முதுகுக்குள் ஏதோ மளுக்கென்றது. எழுந்திருக்கப் பார்த்தேன். இடது பாதம் என் பேச்சைக் கேட்கவில்லை.

மருத்துவமனையில் நான் நீண்ட நேரம் காத்திருக்கவில்லை. முதுகில் மாநிலத்தின் பெயர் அச்சடித்த டிராக்சூட் மேல்சட்டையோடு என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பணியில் இருந்த மருத்துவர் அதைப் பார்த்தார். "ஸ்டேட் பிளேயரா? உடனே எம்.ஆர்.ஐ. எடுங்க" என்றார். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் கிழிந்து, அதன் உள்பகுதி வெளியே பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. பிதுங்கிய துண்டை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்த பெரிய மருத்துவர் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். விளையாட்டுக்குத் திரும்ப முடியுமா என்று நான் கேட்பதற்கு முன்பே அவரே அதைப் பற்றிப் பேசினார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் தள்ளுவண்டி கடந்துபோன வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவர்களை நான் அன்று கவனிக்கவில்லை.

வீடு திரும்பும்போது பிசியோதெரபி செய்யும் பெண் சில விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். ஒருக்களித்து எழு. தரையில் உட்காராதே. கனமாக எதையும் தூக்காதே. பிறகு குரலை இறக்கி இன்னொன்று சொன்னார்: "எப்பவாவது உட்கார்ற இடம் மரத்துப் போனாலோ, யூரின் போறது தெரியாமப் போனாலோ, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அந்த நிமிஷமே கிளம்பி வந்துடுங்க. லேட்டாச்சுன்னா அந்த நரம்பு திரும்பாது."

அடுத்த மாதங்களைப் பற்றி விளையாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாடிவந்தவர்களைப் பாய்ந்து மடக்கிய உடம்பு, கீழே விழுந்த சீப்பை எடுக்க அம்மாவைக் கூப்பிடும். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால் அது அன்றைய சாதனை. பயிற்சியாளர் பழங்களோடு வந்தார். என்னிடம் பேசாமல் என் அம்மாவிடம், "ஆபரேஷன் ஆன முதுகுன்னு வெளில சொல்லாதீங்க. நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். ஊசியைப் பற்றி அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது முதல் பொய்க்கு வருகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தடைக்காலம் முழுவதும் நாட்டுப்படகு மீன் மட்டும் வந்ததால் பாதிக் கூடை சுமந்துகொண்டிருந்த அக்காவுக்கு, விசைப்படகுகள் போகத் தொடங்கியதும் முழுக் கூடை வந்துவிட்டது. ஒருநாள் காலை பத்து மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு கை இடுப்பில்.

"கண்ணு, ரெண்டு மாசமா இஸ்துகினு கீது. காலு வரைக்கும் இறங்கிட்ச்சி. ஒரு மிதி மிதிச்சி வுடேன். சீசன் நேரத்துல வூட்ல குந்த முடியுமா?"

அவர் கால் வரை என்று சொன்னவுடன் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்பதுதான் உண்மை. அதே வலி. அதே வழி. 'தொழிலாளர் நலம்' என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். டிஸ்க் கிழிவதைப் படத்தில் பார்த்தவள், உடம்பில் அனுபவித்தவள். "அக்கா, மிதிக்கவே கூடாது, இது பிடிப்பு இல்லை, டிஸ்க்காக இருக்கலாம்" என்று சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. சொல்லியிருந்தால், இத்தனை வருடம் நான் மிதித்த முதுகுகளுக்கெல்லாம் நான் என்ன செய்தேன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். தெரு முழுவதும் என் கன்னத்தைக் கிள்ளிப் பாராட்டிய அந்தச் சின்னக் கௌரவத்தையும் இழக்க மனமில்லை. ஆகவே, "என் முதுகு இன்னும் சரியாகலக்கா. இப்ப ஏறி மிதிக்க முடியாது. உடம்பு தேறட்டும், மிதிக்கிறேன்" என்றேன்.

"ஆமால்ல? உனக்கே ஆபரேசன் ஆயிகீது, நான் ஒருத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவரை வழியில் பார்த்தேன். வலது காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தார். செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது. அது கழன்றதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். ஓடக்கூடாது என்பதையே மறந்துவிட்டேன்.

"இன்னாக்கா ஆச்சு?"

"நீ மிதிக்கல இல்ல, திருவொற்றியூர்ல ஒர்த்தன் கீறான், அவனும் காலு மொதல்ல வந்து பொறந்தவன்தான். போயி படுத்தேன். அது காலா? கண்டெய்னரு லாரிமே! ஏறி எறங்கிட்டான். அப்போலேந்து வலி கம்மியாயிட்ச்சி. ஆனா காலுதான் மரத்துப் பூட்ச்சி." பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சிரித்தபடியே சொன்னார்: "கால வுடு, குந்துற எடமே மரத்துகினு கீது. ஷேர் ஆட்டோல ஏறி குந்துனா, சீட்டு கீதா இல்லியான்னு கையால தடவிப் பாத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒண்ணுக்குப் போறது தெரியுதா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "அத்த யாராண்ட சொல்றது?" என்றார். நான்கு நாட்களாக அப்படியாம். புடவை நனைந்த பிறகுதான் தெரிகிறதாம். மீன் தண்ணீரோடு அதுவும் கலந்துவிடுவதால் வெளியே யாருக்கும் தெரியவில்லை என்று, அதையும் ஒரு வசதிபோலவே சொன்னார்.

அந்த நிமிடமே ஆட்டோ பிடித்தேன். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் சாலையை அடைத்து நின்றிருந்தன. இடுக்கில் புகுந்து புகுந்து ஆட்டோ போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் என் தையல் இருந்த இடம் சுரீரென்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அந்தப் பள்ளங்கள் எதுவுமே தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கி நின்றோம். உட்கார இடமில்லை. எனக்குத் தெரிந்த அதே வராந்தா. இம்முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நாங்களும் இருந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவசரம் என்று இரண்டு முறை போய்ச் சொன்னேன். "எல்லாருக்கும் அவசரந்தாம்மா" என்று பதில் வந்தது. அது உண்மையும்கூட.

உள்ளே இருந்த இளம் மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். முன்னால் இருந்த தாளிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

"என்ன பண்ணுது?"

"இடுப்பு வலி சார்."

"என்ன வேலை?"

"மீன் விக்கிறேன்."

"கூடை தலையில தூக்குவீங்களா? தூக்காதீங்க. வலிக்கத்தான் செய்யும்." பேனா ஓடத் தொடங்கிவிட்டது. "பத்து நாளைக்கு மாத்திரை. சூடா ஒத்தடம் குடுங்க. அடுத்தவங்க வாங்க."

"டாக்டர், இவங்களுக்கு யூரின் போறது தெரியலை. நாலு நாளா" என்றேன்.

"எத்தனை பசங்க?" என்று கேட்டார்.

"மூணு சார்" என்றார் அக்கா, கேள்வி எதற்கென்று புரியாமல்.

"மூணு பிரசவம், இந்த வயசு. அப்படித்தான் இருக்கும். அதுக்குக் கைனிக் ஓபி தனியா இருக்கு, நாளைக்குப் போங்க."

நாளைக்கு. அவர் அக்காவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தளம் மேலே, நான்கு மாதங்களுக்கு முன்பு, இதே கட்டடத்தில் என் கால் விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அசைத்துப் பார்த்தார்கள். அது கபடி ஆடிய விரல். இது மீன் விற்கும் விரல். கத்தியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். கெஞ்சியிருந்தால் நாளைக்கு என்றே சொல்லியிருப்பார்கள். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"டாக்டர், இவங்க பழைய கபடி பிளேயர். ஸ்டேட்டுக்கு ஆடியிருக்காங்க."

பேனா நின்றது. அந்த அறைக்குள் நாங்கள் நுழைந்த பிறகு முதல் தடவையாக அவர் தலையைத் தூக்கி அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியா! எந்த பொசிஷன்?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மதில்மேல் கூடை வைத்துவிட்டுக் கத்தும் அதே குரலில் சொன்னார்:

"ரைட் கார்னரு சார். கணுக்காலப் புச்சேன்னா வுடமாட்டேன்."

மருத்துவர் சிரித்தார். "ஸ்போர்ட்ஸ் பாடி. அப்ப சும்மா வலின்னு வந்திருக்க மாட்டீங்க. படுங்க, பாத்துடுவோம்" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். முப்பது வருடம் தலையில் கூடை சுமந்தவர் வலி என்று சொன்னபோது அது பொருட்படுத்தத் தகாத வலி. இரண்டு வார்த்தைப் பொய் சேர்ந்தவுடன் அது காரணம் தேட வேண்டிய வலியாகிவிட்டது.

காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலை மேலே மடக்கச் சொன்னார். அது அசையவில்லை. செவிலியரை அழைத்துத் திரையை இழுத்து, உட்காரும் இடத்தில் ஊசி முனையால் தொட்டுப் பார்க்கச் செய்தார். "குத்துறது தெரியுதா?" என்று செவிலியர் கேட்கக் கேட்க, "எப்போ குத்துவீங்க?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். திரைக்கு வெளியே நின்ற மருத்துவரின் முகம் மாறியது. தொலைபேசியை எடுத்தார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு மணி நேரத்தில் எம்.ஆர்.ஐ., மதியமே அறுவை சிகிச்சை. எனக்குச் செய்த அதே பெரிய மருத்துவர்தான் செய்தார். வெளியே வந்து, "மரத்துப்போய் எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். நான்கு நாள் என்றேன். "முதல் நாளே வந்திருந்தா..." என்றவர் வாக்கியத்தை முடிக்காமல் கையைக் கழுவப் போய்விட்டார்.

அந்த இளம் மருத்துவரைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அன்று அவர் எத்தனை பேரைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரு பிளேயரைக் கண்டதும் அவருக்கு வந்த அக்கறை உண்மையானது. அந்த அக்கறை அவரிடம் இருந்தது, அது யாருக்கு உரியது என்பதும் அவருக்குள் முன்பே தீர்மானமாகியிருந்தது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் பொய்யால் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களில் யாருக்காவது தாமதமாகியிருக்குமா என்றும் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆகியிருக்கலாம். அவர்களுக்காகப் பொய் சொல்ல யாரும் உடன் வரவில்லை.

மூன்றாம் நாள் வார்டில், அக்கா தலையணையில் சாய்ந்திருந்தபோது, முதல் பொய்யை ஒப்புக்கொண்டேன். என் முதுகு சரியில்லை என்பதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை, மிதிப்பது ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்றேன். அந்தத் திருவொற்றியூர்க்காரர் மிதித்ததால்தான் இப்படி ஆனது என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதில் ஆறுதல் தேட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனா? கேட்டிருக்கமாட்டேன். படிச்ச கொய்ப்புன்னு வைதிருப்பேன். அத்தோட அவனாண்ட போயி படுத்திருப்பேன்" என்றார். எனக்கு மனம் லேசாகத் தொடங்கிய அந்தக் கணத்தில் திரும்பி என் கண்ணைப் பார்த்தார். "ஆனா நீ சொல்லியிருக்கணும்மே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஒருபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிறுநீர் உணர்வு சில வாரங்களில் திரும்பியது. வலது பாதம் முழுவதுமாகத் திரும்பவில்லை. நடக்கும்போது விரல்கள் தரையைத் தேய்க்கும். தலையில் கூடை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தெருத்தெருவாகப் போய்க் குரல் கொடுத்த பெண், இப்போது திருவொற்றியூர்ச் சந்தை ஓரமாக ஒரு முக்காலியில், பின்பட்டி வைத்த செருப்போடு, ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது முதுகுக்கு நல்லதல்ல என்று நான் சொன்னால், "ரைட் கார்னருக்கு ஸ்டூல் போட்டுக் குட்த்திருக்காங்க, நீ போமே" என்பார்.

நான் பத்து மாதம் கழித்து மறுபடி ஆடினேன். பழைய பாய்ச்சல் இல்லை. காலையில் இன்றும் ஒருக்களித்துத்தான் எழுகிறேன். குளிர்காலத்தில் இடது பெருவிரல் மரத்துப்போகும். இப்போது அதே திடலில் வாரம் மூன்று நாள் சின்னப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அன்று அவளுக்கு ஆட்டம் கிடையாது. பழைய பயிற்சியாளர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இப்டி பொத்திப் பொத்தி வெச்சா எவ ஆடுவா?" என்று கேட்டார். அரையிறுதிக்கு முன்னால் போட்ட ஊசியைப் பற்றி அன்றுதான் முதல் தடவையாக அவரிடம் பேசினேன். பெண்கள் எல்லோரும் கேட்கும்படியாகவே பேசினேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வாசலுக்கு இன்றும் ஆள் வருகிறார்கள். குப்புறப் படுக்கத் தயாராகவே வருகிறார்கள். நான் மிதிப்பதில்லை, ஏன் மிதிப்பதில்லை என்பதை முழுவதும் சொல்கிறேன். கால் மரத்துப்போகிறதா, உட்காரும் இடம் தெரிகிறதா, சிறுநீர் போவது தெரிகிறதா என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். சிலரோடு நான் மருத்துவமனை வரை போகிறேன். போகும்போது அந்தப் பழைய டிராக்சூட்டை அணிந்துகொள்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அணிகிறேன், ஏனென்றால் அது வேலை செய்கிறது.

அக்காவை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த தாளில், தொழில் என்ற இடத்தில் 'முன்னாள் கபடி வீராங்கனை' என்று எழுதியிருந்தார்கள். திருத்தச் சொல்லலாமா என்று கேட்டேன். அக்கா அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். "மீன்காரின்னு எழுதுனா அடுத்த தபா எவன் பாப்பான்?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறை அந்த வராந்தாவைக் கடக்கும்போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முகங்களை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.